தார்சாவில் பிரிண்டர், மச்சில் லேப்டாப்: பழைய யூ.எஸ்.பி. பிரிண்டரை வயர்லெஸ் டிவைஸ் சர்வரில் மாட்டுவது எப்படி

எங்கள் வீடு திருநெல்வேலி டவுணில், ரத வீதிக்குப் பின்னால் போகிற ஒரு சந்தில் இருக்கிறது. தெருவாசலில் நுழைந்ததும் தார்சா, அடுத்து பட்டாசல், அப்புறம் ரெண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல் என்று ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு போகிற பழைய வீடு. பட்டாசலுக்கு மேலே ஒரு மச்சு. சுவரெல்லாம் செங்கலும் சுண்ணாம்புக் காரையும், ஒன்றரை அடி கனம். சித்திரை வெயிலில் அந்தச் சுவர்தான் எங்களைக் காப்பாற்றுகிறது. வைஃபையை மறிப்பதும் அதே சுவர்தான், அதைப் பிறகு சொல்கிறேன்.

தார்சாவில் என் தொழில். டைப்பிங், பட்டா சிட்டா எடுத்துக் கொடுப்பது, வில்லங்கச் சான்றுக்கு விண்ணப்பிப்பது, மனு அடித்துக் கொடுப்பது. பட்டாசலில் என் வீட்டுக்காரர் நாலைந்து கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு பார்க்கிறார். மச்சில் மகள், பாளையில் காலேஜ் படிக்கிறாள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே பிரிண்டர்: கேனன் எல்.பி.பி. 2900. கறுப்பு வெள்ளை லேசர், நிமிடத்துக்கு 12 பக்கம், முதுகில் ஒரே ஒரு யூ.எஸ்.பி. சாக்கெட். நெட்வொர்க் வயர் மாட்டவும் வழி இல்லை, வைஃபையும் இல்லை. ஆனால் அடித்தால் எழுத்து இன்றைக்கும் அச்சகத்தில் அடித்தது போல இருக்கும். எச்.பி.யின் 12ஏ டோனரும் (மைத்தூள் டப்பா) இதன் 303 டோனரும் ஒன்றுக்கு ஒன்று பொருந்தும் என்பதால் ரீஃபில் செய்ய ஆள் எங்கும் கிடைக்கும். இப்படி ஓடுகிற ஒன்றை வைஃபை இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பழைய இரும்புக்குப் போட எனக்கு மனசு வரவில்லை. உங்கள் வீட்டிலும் இதேபோல ஒரு பிரிண்டர் இருந்தால், இதை எழுதுவது உங்களுக்காகத்தான்.

முதலில் என் கம்ப்யூட்டரில் பிரிண்டரை மாட்டி, விண்டோஸ் ஷேரிங் மூலம் மற்ற இரண்டு பேருக்கும் கொடுத்திருந்தேன். வேலை நடந்தது. ஆனால் என் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு நான் தார்சாக் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டு வந்து படுத்தால், மேலே இருந்து குரல் வரும்: "எம்மா, ஒன் சிஸ்டத்தைக் கொஞ்சம் ஆன் பண்ணேன், ரெண்டே ரெண்டு பக்கம்." நீள வயர் இழுக்கலாம் என்றால் யூ.எஸ்.பி. 2.0 வயருக்கு 5 மீட்டர்தான் எல்லை. பட்டாசலின் நடுப்பகுதியைத் தாண்டுவதற்குள் 5 மீட்டர் முடிந்துவிடும்.

இந்த இடத்தில்தான் பிரிண்டருக்கும் வைஃபைக்கும் நடுவில் வைக்கிற ஒரு சின்னப் பெட்டியைத் தேட ஆரம்பித்தேன். அப்படிப்பட்ட பெட்டிகளில் இரண்டு ஜாதி உண்டு. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், விலையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். தப்பானதை வாங்கினால் பிரிண்டர் ஒரு பக்கம்கூட அடிக்காது. நான் முதலில் வாங்கியது தப்பானது. அதனால் இதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன்.

ஒன்று பிரிண்ட் சர்வர். இது கம்ப்யூட்டர் நெட்வொர்க் வழியாக அனுப்புகிற அச்சு வேலையை வாங்கி, அப்படியே பிரிண்டரிடம் கொட்டிவிடும். பெரும்பாலும் 9100 என்ற போர்ட்டில், அதாவது நெட்வொர்க் வாசலில், காது வைத்திருக்கும். வந்ததைத் தள்ளிவிடுவதோடு அதன் வேலை முடிந்தது. பிரிண்டர் திருப்பி ஏதாவது சொன்னால் அது பெரும்பாலும் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேராது. பி.சி.எல்., போஸ்ட்ஸ்கிரிப்ட் போன்ற பக்க மொழிகள் தெரிந்த பிரிண்டர்களுக்கு இது போதும். அவற்றுக்குள் சொந்தமாக மூளை இருக்கிறது. "இந்த எழுத்தை இந்த இடத்தில் இந்த அளவில் போடு" என்று சொன்னால் பக்கத்தை அவையே வரைந்துகொள்ளும்.

நம் ஊர்க் கடைகளில் அதிகம் இருப்பது அந்த மாதிரிப் பிரிண்டர் இல்லை. கேனன் 2900 பேசுவது கேப்ட் என்கிற தனி மொழி. பக்கத்தை வரைவதெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிற டிரைவர்தான், பிரிண்டர் புள்ளிகளை வாங்கிக் காகிதத்தில் பதிக்கும். அந்த நேரம் முழுக்க இரண்டும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்: தயாரா, காகிதம் இருக்கிறதா, அடுத்த பட்டையை அனுப்பலாமா என்று. எச்.பி. லேசர்ஜெட் 1020 இன்னும் ஒரு படி மேலே. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அதை இயக்குகிற உள் மென்பொருளான ஃபர்ம்வேரையே கம்ப்யூட்டர் ஏற்றிவிட வேண்டும், பிரிண்டருக்குள் அது தங்காது. இவற்றை ஒருவழிப் பாதையாக இருக்கிற பிரிண்ட் சர்வரில் மாட்டினால் பச்சை விளக்கு சும்மா எரிந்துகொண்டிருக்கும், ஒரு பக்கம்கூட வராது. எனக்கு நடந்தது இதுதான். இரண்டு நாள் டிரைவரை அழிப்பதும் போடுவதுமாக இருந்தேன். பெட்டியில் பழுது எதுவும் இல்லை. என் பிரிண்டருக்கு அது ஏற்ற துணை இல்லை, அவ்வளவுதான்.

மற்றது டிவைஸ் சர்வர். யூ.எஸ்.பி. சர்வர், யூ.எஸ்.பி. ஓவர் ஐ.பி. என்ற பெயர்களிலும் விற்கிறார்கள். இதற்கு அச்சைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. யூ.எஸ்.பி. வயரில் போய்வருகிற பேச்சை அப்படியே பொட்டலம் கட்டி நெட்வொர்க்கில் அனுப்பும். கம்ப்யூட்டரில் ஒரு சிறிய மென்பொருள் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்து, விண்டோஸிடம் "இதோ பார், பிரிண்டர் நேராக உன் முதுகில்தான் மாட்டியிருக்கிறது" என்று காட்டும். டிரைவருக்கு நடுவில் வைஃபை இருப்பதே தெரியாது. போவதும் வருவதும் இரண்டும் நடக்கும். காற்றில் ஓடுகிற நீள வயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனர் சேர்ந்த பிரிண்டராக இருந்தாலும் ஸ்கேனும் வரும், மை அளவும் தெரியும்.

வயர் என்றால் வயருக்கு உள்ள குணமும் இதற்கு உண்டு. ஒரு வயரின் இரண்டு முனையில் இரண்டு கருவிதான் இருக்க முடியும். அதுபோல டிவைஸ் சர்வரில் ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டர்தான் பிரிண்டரைப் பிடிக்கலாம். அது விட்ட பிறகுதான் அடுத்தவருக்கு. மாட்டிய பிறகு வருகிற தகராறில் பாதி இதனால் வருவதுதான். அதைத் தனியாகச் சொல்கிறேன்.

அதனால் கடைக்குப் போவதற்கு முன் உங்கள் பிரிண்டரின் விவரக்குறிப்பை எடுத்துப் பாருங்கள். பக்க மொழி என்ற இடத்தில் பி.சி.எல். அல்லது போஸ்ட்ஸ்கிரிப்ட் என்றிருந்தால் பிரிண்ட் சர்வர் போதும். ரவுட்டரிலேயே யூ.எஸ்.பி. சாக்கெட்டும் பிரிண்ட் சர்வர் வசதியும் இருந்தால் தனிப் பெட்டிகூட வேண்டாம். கேப்ட், ஜி.டி.ஐ., ஹோஸ்ட் பேஸ்டு என்று இருந்தாலோ, மொழி என்ற வரியே இல்லாவிட்டாலோ டிவைஸ் சர்வர் வாங்குங்கள். வாங்கும்போது அட்டையில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். அதன் மென்பொருள் உங்கள் விண்டோஸில், குறிப்பாக 64 பிட்டில், ஓடுமா? அச்சு வேலை வந்தால் தானே பிடித்து, முடிந்ததும் தானே விடுகிற ஆட்டோ கனெக்ட் வசதி உண்டா? வைஃபையோடு, நெட்வொர்க் வயர் மாட்டுகிற ஒரு லேன் சாக்கெட்டும் இருக்கிறதா? மூன்றாவதை அசட்டையாக விட்டுவிடாதீர்கள், செட் செய்யும்போது அதன் அருமை தெரியும்.

வேகம் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஏ4 பக்கம் 8.27 அங்குலம் அகலம், 11.69 அங்குலம் உயரம். அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 கோடியே 48 லட்சம் புள்ளி. கறுப்பு வெள்ளையில் ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்றால் ஏறக்குறைய 4.35 மெகாபைட். நிமிடத்துக்கு 12 பக்கம் என்றால் விநாடிக்கு 7 மெகாபிட்டுக்குள் அடங்கிவிடும். அதுவும் சுருக்காமல் அனுப்பினால். டிரைவர் சுருக்கித்தான் அனுப்பும். ஆக, சாதாரண 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையே தாராளம். அதிக வேகம் என்று சொல்லி விலை கூடிய பெட்டியைத் தலையில் கட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வேகத்தைவிட சிக்னல் அறுந்து போகாமல் இருப்பதுதான் முக்கியம்.

சரி, பெட்டி வந்துவிட்டது. உடனே வைஃபையில் இறங்க வேண்டாம். முதல் வேலை டிரைவர். அச்சடிக்கப் போகிற ஒவ்வொரு லேப்டாப்பையும் பிரிண்டர் பக்கத்தில் கொண்டுவந்து, பழைய யூ.எஸ்.பி. வயரிலேயே நேராக மாட்டி, டிரைவரைப் போட்டு, ஒரு டெஸ்ட் பக்கம் அடித்துப் பாருங்கள். இதில் அடிக்காத கம்ப்யூட்டர் பெட்டி வழியாகவும் அடிக்காது. இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிட்டால், பின்னால் சிக்கல் வரும்போது குற்றம் டிரைவரிலா வைஃபையிலா என்று பிரிக்க முடியாமல் தவிப்பீர்கள்.

அடுத்து பெட்டி. அதோடு வந்த அடாப்டரையே போடுங்கள். சாக்கெட் பொருந்துகிறதே என்று ரவுட்டர் அடாப்டரை மாட்டிவிடக் கூடாது. ஒன்று 5 வோல்ட்டாக இருக்கும், மற்றது 12 வோல்ட்டாக இருக்கும். எங்கள் வீட்டில் இரண்டு அடாப்டர் தலையிலும் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டிப் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். பிறகு ஒரு லேன் வயரால் பெட்டியை ரவுட்டரோடு இணையுங்கள். இரண்டு மூன்று நிமிடம் விட்டு, ரவுட்டரின் செட்டிங் பக்கத்தில், இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பார்த்தால் புதிதாக ஒரு பெயரும், அதன் நெட்வொர்க் முகவரியான ஒரு ஐ.பி. எண்ணும் தெரியும். அந்த எண்ணை பிரவுசரில் அடித்தால் பெட்டியின் செட்டிங் பக்கம் திறக்கும். அங்கே போனதும் முதலில் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். புது ஃபர்ம்வேர் இருந்தால் லேன் வயரில் இருக்கும்போதே ஏற்றிவிடுங்கள். வைஃபையில் ஏற்றும்போது நடுவில் அறுந்தால் பெட்டி எழுந்திருக்காமல் போகலாம்.

பிறகு வைஃபை பெயர், பாஸ்வேர்டு. இந்தப் பெட்டிகளில் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் பார்க்கும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் வைத்திருந்தால் அது பட்டியலில் வராது, பயப்பட வேண்டாம். பாதுகாப்பு முறையை டபிள்யூ.பி.ஏ.2 என்று வையுங்கள். ரவுட்டரில் டபிள்யூ.பி.ஏ.3 மட்டும் என்று இருந்தால் பழைய பெட்டி சேராது, இரண்டும் கலந்த முறைக்கு மாற்றுங்கள். சேமித்து, லேன் வயரை உருவிவிட்டு, பெட்டியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். வைஃபை விளக்கு நிலையாக எரிந்தால் சேர்ந்துவிட்டது.

இப்போது அதற்கு ஒரு நிலையான ஐ.பி. எண் கொடுக்க வேண்டும். ரவுட்டர் எண்களை வாடகைக்கு விடுவதுபோலத்தான் கொடுக்கிறது, கரண்ட் போய் வந்தால் வேறு எண் வந்துவிடலாம். ரவுட்டரில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்ற இடத்தில் பெட்டியின் மேக் எண்ணை (கருவியோடு வருகிற அடையாள எண்) எழுதி, 192.168.1.200 போல எளிதில் நினைவிருக்கிற ஒன்றைக் கட்டிவையுங்கள். ஒரு எச்சரிக்கை: பெட்டியின் லேன் சாக்கெட்டுக்கு ஒரு மேக் எண்ணும் வைஃபைக்கு வேறொரு மேக் எண்ணும் இருக்கலாம். வைஃபையில் சேர்ந்த பிறகு ரவுட்டர் பட்டியலில் தெரிகிற எண்ணைத்தான் எடுக்க வேண்டும்.

பிரிண்டரைப் பெட்டியில் மாட்டுங்கள், சின்ன வயரே போதும். கம்ப்யூட்டரில் பெட்டியின் மென்பொருளைப் போட்டுத் திறங்கள். முதல் தடவை ஃபயர்வால் அனுமதி கேட்கும், பிரைவேட் நெட்வொர்க்குக்கு அனுமதி கொடுங்கள். உங்கள் வீட்டு வைஃபை விண்டோஸில் பப்ளிக் என்று பதிவாகியிருந்தால் அதையும் பிரைவேட் என்று மாற்றுங்கள். பட்டியலில் பிரிண்டர் பெயர் வரும். கனெக்ட் கொடுத்தால், பென் டிரைவ் மாட்டும்போது வருமே, அதே டிங் சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டபோது நான் மச்சுப் படியில் உட்கார்ந்திருந்தேன். கீழே தார்சாவில் பிரிண்டர் உருள ஆரம்பித்தது இன்னும் காதில் இருக்கிறது.

இங்கே ஒரு சின்னக் குழப்பம் வரும். விண்டோஸ் இதைப் புது யூ.எஸ்.பி. வாசல் என்று நினைத்து, அதே பிரிண்டரை "காப்பி 1" என்று இரண்டாவதாகச் சேர்க்கும். பழையது ஆஃப்லைன் என்று மங்கலாக நிற்கும். வீட்டுக்காரர் பழக்கத்தில் பழைய பெயரையே தேர்ந்தெடுத்து, "அடிக்கவே மாட்டேங்குதே" என்று மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தார். பழையதை அழித்துவிட்டுப் புதியதற்கு வீட்டில் எல்லோருக்கும் புரிகிற பெயர் வைத்து, அதையே டீஃபால்ட் ஆக்குங்கள். எங்கள் மூன்று கம்ப்யூட்டரிலும் அதன் பெயர் "தார்சா".

பெட்டி பட்டியலிலேயே வரவில்லை என்றால்? என்னை அரைநாள் அலைக்கழித்தது இதுதான். தார்சாவிலும் பட்டாசலிலும் பெட்டி தெரிந்தது, மச்சில் தெரியவில்லை. ஆனால் மச்சில் இன்டர்நெட் ஜோராக ஓடியது. காரணம் என்னவென்றால், ஃபைபர் பெட்டி (இன்டர்நெட் வருகிற எங்கள் முதல் ரவுட்டர்) பட்டாசலில் இருக்கிறது, சிக்னல் மேலே ஏறாது என்று மச்சுக்கு ஒரு பழைய ரவுட்டரைப் போட்டிருந்தோம். கீழே எண்கள் 192.168.1 என்று ஆரம்பிக்கும், மேலே 192.168.0 என்று ஆரம்பிக்கும். ஒரே வீடு, ஆனால் நெட்வொர்க் கணக்கில் இரண்டு தனிக்குடித்தனம். மென்பொருள் "யாராவது டிவைஸ் சர்வர் இருக்கிறீர்களா" என்று கூப்பிடுகிற கூப்பாடு சொந்த நெட்வொர்க்குக்குள்தான் கேட்கும், ரவுட்டரைத் தாண்டாது.

தீர்வு, மேலே இருக்கிற ரவுட்டரை, வைஃபையை மட்டும் பரப்புகிற வெறும் ஆக்சஸ் பாயிண்ட் ஆக்குவது. அதற்கென்று ஒரு மோட் இருந்தால் தட்டினால் போதும். இல்லாவிட்டால் கையால் செய்யலாம்: மேல் ரவுட்டரின் சொந்த எண்ணை 192.168.1.250 போலக் கீழ் வீட்டு வரிசையில், வேறு யாருக்கும் போகாத ஒன்றாக மாற்றுங்கள். அதில் எண்களைக் கொடுக்கிற டி.எச்.சி.பி. வசதியை அணையுங்கள். கீழிருந்து வருகிற வயரை, இன்டர்நெட் உள்ளே வருவதற்கான வேன் சாக்கெட்டில் இருந்து உருவி, லேன் சாக்கெட் ஒன்றில் மாட்டுங்கள். அவ்வளவுதான், வீடு ஒன்றாகிவிடும். இதே காரணத்தால் கெஸ்ட் வைஃபையில் சேர்ந்த லேப்டாப்புக்கும் பெட்டி தெரியாது. வி.பி.என். ஓடினாலும் தெரியாமல் போகலாம். கெஸ்ட் வைஃபையில் தெரியாமல் இருப்பது நல்லதுதான். கடைக்கு வருகிறவர்கள் "அக்கா, வைஃபை கொஞ்சம் போடுங்க" என்று கேட்டால் நான் கெஸ்ட் பாஸ்வேர்டைத்தான் கொடுக்கிறேன். வெளியூரில் இருந்து அச்சடிக்கலாம் என்று ரவுட்டரில் போர்ட் திறந்துவிடுவதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

இனி சுவர் விஷயம். ஃபைபர் பெட்டி இருக்கிற பட்டாசலுக்கும் தார்சாவுக்கும் நடுவில் ஒரே சுவர்தான், ஆனால் அது ஒன்றரை அடிச் சுவர். அந்தச் சுவரை ஒட்டி என் மாமியார் காலத்து இரும்பு பீரோ. டிவைஸ் சர்வரை முதலில் பீரோவுக்கு நேர் பின்னால் வைத்திருந்தேன். நாலு பக்கம் அடிக்கும், ஐந்தாவதில் நின்றுவிடும். யூ.எஸ்.பி. டிரைவருக்குப் பொறுமை குறைவு. நேரடி வயரில் நடுவே அறுபடுவது என்ற பழக்கமே அதற்கு இல்லை. வைஃபை இரண்டு விநாடி விட்டால் வீடியோ பார்க்கிறவருக்குத் தெரியாது, ஆனால் அச்சு பாதியில் நிற்கும். போனில் வைஃபை அனலைசர் ஆப் ஒன்றைப் போட்டு, பெட்டியை வைக்கப் போகிற இடத்தில் போனைப் பிடித்து அளந்தேன். பீரோவுக்குப் பின்னால் சிக்னல் கழித்தல் 78. இரண்டடி தள்ளி, நிலைக்கதவுக்கு நேராக வைத்தால் கழித்தல் 61. இந்த எண் பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. கழித்தல் 65க்குள் இருந்தால் நிம்மதி, 75ஐத் தாண்டினால் தொல்லை. பெட்டியை நிலைக்கதவு வாசலுக்கு நேராக, தலை உயரத்தில் ஆணியடித்து மாட்டிய பிறகு நாற்பது பக்கப் பத்திரத்தையும் மூச்சு விடாமல் அடிக்கிறது.

எங்களைப் போல வளவுகள் நெருங்கிய தெருவில் இருந்தால் இன்னொன்றும் பாருங்கள். பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் ஒரே சேனலில் கூச்சல் போட்டுக்கொண்டிருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 என்ற மூன்று சேனல்தான் ஒன்றோடொன்று உரசாதவை. ஆப்பில் பார்த்து, மூன்றில் கூட்டம் குறைந்ததை ரவுட்டரில் நிலையாக வைத்துவிடுங்கள். அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள்.

அடுத்தது ஆள் தகராறு. மாட்டிய முதல் வாரம், ஒரு அண்ணாச்சி தன் பேரனின் ஸ்காலர்ஷிப்புக்காக விண்ணப்பம் அடிக்க வந்தார். அன்றைக்குத்தான் கடைசி நாள். நான் பிரிண்ட் கொடுக்கிறேன், அசைவே இல்லை. மென்பொருளில் பார்த்தால் பிரிண்டரை மச்சு லேப்டாப் பிடித்து வைத்திருக்கிறது. "ஏட்டி, பிரிண்டரை விடு" என்று கீழிருந்து கூப்பிட்டால் பதில் இல்லை. அவள் ராத்திரி கனெக்ட் கொடுத்து அடித்துவிட்டு, டிஸ்கனெக்ட் கொடுக்காமல் அடுத்த வேலையில் இறங்கிவிட்டாள். காலையில் லேப்டாப்பைத் திறந்து பாட்டுக் கேட்டுவிட்டு, அப்படியே வைத்துவிட்டுக் காலேஜுக்குப் போய்விட்டாள். அண்ணாச்சியைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு நான் மச்சுக்கு ஓடினேன்.

அன்றைக்கு ராத்திரியே மூன்று கம்ப்யூட்டரிலும் ஆட்டோ கனெக்ட் போட்டேன். மென்பொருளில் அந்தப் பிரிண்டரைத் தேர்ந்தெடுத்து, ஆட்டோ கனெக்ட் பிரிண்டர் என்ற இடத்தில் விண்டோஸில் இருக்கிற நம் "தார்சா" வரிசையோடு கட்டிவிட வேண்டும். அதற்கப்புறம் யாரும் கனெக்ட், டிஸ்கனெக்ட் எதையும் தொட வேண்டியதில்லை. பிரிண்ட் கொடுத்தால் மென்பொருளே பிடிக்கும், அடித்து முடித்ததும் விட்டுவிடும். அந்நேரம் வேறொருவர் பிடித்திருந்தால் வரிசையில் காத்திருக்கும். எவ்வளவு நேரம் சும்மா இருந்தால் விட வேண்டும் என்றும் ஒரு இடம் இருக்கும், அதைக் குறைத்து வையுங்கள். பல பெட்டிகளில் அடுத்தவரிடம் விடச் சொல்லிக் கேட்கிற பட்டன்கூட உண்டு. உங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு மேல் இருந்தால் ஆட்டோ கனெக்ட் இல்லாத பெட்டியை வாங்காதீர்கள் என்று இதனால்தான் சொன்னேன்.

போனில் இருந்து நேராக அடிக்க முடியுமா என்றால், முடியாது. மென்பொருளும் டிரைவரும் கம்ப்யூட்டரில்தானே இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் வருகிறதைக் கம்ப்யூட்டரில் திறந்துதான் அடிக்கிறோம், தொழிலுக்கு அது போதுமாக இருக்கிறது.

கரண்ட் விஷயத்துக்கு வருகிறேன். பெட்டியையும் ரவுட்டரையும் இன்வெர்ட்டர் லைனில் போடலாம், இரண்டும் சேர்ந்து இழுப்பது கொஞ்சம்தான். லேசர் பிரிண்டரைச் சின்ன யூ.பி.எஸ்.ஸில் மாட்டாதீர்கள். டோனரைக் காகிதத்தில் உருக்கி ஒட்டுகிற சூட்டு உருளை சூடாகிற நேரத்தில் சில நூறு வாட் ஒரே மூச்சில் இழுக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் கரண்ட் நிறுத்துகிற நாளிலும், ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதிகளில் மின்சாரத்தை நிறுத்திவைக்கிற நேரத்திலும் பிரிண்டர் தூங்கும், பெட்டி மட்டும் விழித்திருக்கும். அந்த நேரத்தில் மறந்துபோய் யாராவது பிரிண்ட் கொடுத்தால் வேலை வரிசையில் சிக்கிக்கொள்ளும். கரண்ட் வந்த பிறகும் நகராது, அழித்தாலும் அழியாது. விண்டோஸில் சர்வீசஸ் திறந்து, அச்சு வரிசையைக் கவனிக்கிற பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி மறுபடி ஓடவிடுங்கள். தெரியாதவர்கள் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தாலும் அதே வேலை நடக்கும்.

இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் கரண்ட் வந்ததும் ரவுட்டரும் பெட்டியும் ஒன்றாக எழுந்திருக்கும். ரவுட்டர் தயாராக இரண்டு மூன்று நிமிடம் ஆகும். பெட்டி அதற்கு முன்னாலேயே வைஃபையைத் தேடி, கிடைக்காமல் சோர்ந்து நின்றுவிடுவதுண்டு. பெட்டியை மட்டும் அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். பிளக் எல்லாம் இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி ஜங்ஷன் பக்கம் புகுந்ததைப் பார்த்த பிறகு, தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் போர்டை எல்லாம் சுவருக்கு ஏற்றிவிட்டோம். தூசிக்காகப் பெட்டி மேல் துணி போட்டு மூடாதீர்கள், உள்ளே சூடு தேங்கும். வாரத்துக்கு ஒருமுறை காய்ந்த துணியால் துடைத்தால் போதும். ஓட்டைகளில் சிற்றெறும்பு குடியேறியிருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக, பிரிண்டர் மூடியின் உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். பெட்டியின் ஐ.பி. எண், வைஃபை மேக் எண், மென்பொருளின் பெயரும் பதிப்பும், டிரைவர் ஃபைல் இருக்கிற பென் டிரைவ் எந்த டப்பாவில் என்பது, கடைசியாக டோனர் மாற்றிய தேதி. பாஸ்வேர்டு மட்டும் அதில் இல்லை, அது என் டைரியில். போன மாதம் எனக்குக் காய்ச்சல். மகள் அந்தத் தாளைப் பார்த்தே அவள் அப்பாவின் புது லேப்டாப்பில் டிரைவர், மென்பொருள், ஆட்டோ கனெக்ட் மூன்றையும் போட்டு முடித்துவிட்டாள். ரெண்டாங்கட்டில் படுத்திருந்த எனக்குத் தார்சாவில் பிரிண்டர் உருள்கிற சத்தம்தான் கேட்டது.